மூத்த மகனின் வயது

வலியைக் கேட்டு எழுதும் வேலை என் தலையில் வந்து விழுந்தபோது, ஏற்கெனவே இருந்த வேலையிலேயே எனக்கு இடுப்பு ஒடிந்துகொண்டிருந்தது. தங்க வயலில் சுரங்கத் தொழிலாளர்களுக்கான ஆஸ்பத்திரி ஒன்றில், ஆண்கள் சர்ஜரி வார்டில் நான் நர்ஸ். அறுபதுகளின் பின்பாதி. குடலிறக்கம், வயிற்றுப்புண், கல் விழுந்து நசுங்கிய கால் என்று கட்டில் காலியாகவே இருக்காது. இதற்கு நடுவில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் ஒருவர் வெளியூரிலிருந்து புதிதாக வந்திருந்தார். வந்த மூன்றாம் மாதம் ஒரு கட்டுக் காகிதத்தை என் மேசைமேல் வைத்து, "சிஸ்டர், ஆபரேஷன் ஆனவங்ககிட்ட இனிமே வலியைக் கேட்டு எழுதணும். ஒரு நாளைக்கு மூணு தடவை," என்றார்.

"யார் எழுதணும் டாக்டர்?" என்று கேட்டேன்.

"நீங்கதான்."

கேட்டிருக்கவே வேண்டாம். ஆஸ்பத்திரியில் யாருக்குப் புது யோசனை வந்தாலும் அதைச் சுமப்பது நர்சின் கால்தான். அவர் கெட்டவராக இருந்திருந்தால் மனதுக்குள் திட்டிவிட்டு ஒப்பேற்றியிருக்கலாம். அவர் நல்லவர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எனக்கு விளக்கிச் சொன்னார். அதுவரை எந்த டாக்டரும் எனக்கு எதையும் விளக்கியதில்லை.

விஷயம் இதுதான். வருஷக்கணக்காகச் சுரங்கத்தின் கல் தூசியை இழுத்த நெஞ்சு அவர்களுடையது. மேல் வயிற்றில் கத்தி வைத்தால் அப்புறம் ஒவ்வொரு மூச்சுக்கும் தையல் இழுத்து வலிக்கும். வலிக்குப் பயந்து மூச்சை மேலோட்டமாக விடுவார்கள், இருமவே மாட்டார்கள். சளி உள்ளேயே தங்கிவிடும். ஆபரேஷன் நன்றாக முடிந்தவர் நாலாம் நாள் காய்ச்சலில் போய்விடுவார். பெத்தடின் ஊசி போட்டால் வலி அடங்கும், ஆனால் மூச்சும் சேர்ந்து அடங்கும். அதற்குப் பதிலாக விலா எலும்புகளுக்கு நடுவே மரத்துப்போகும் மருந்தைப் போட்டால் என்ன என்பது அவர் கேள்வி. பாதிப் பேருக்கு அது, பாதிப் பேருக்கு இது. யாருக்கு எது என்பது ஒட்டிய கவருக்குள் இருக்கும், தியேட்டரில்தான் பிரிப்பார்கள். நோயாளியிடம் சம்மதம் கேட்பதெல்லாம் அந்தக் காலத்தில் பெரிய விஷயமில்லை. டாக்டர் சொன்னால் சரி.

என் பங்கு இரண்டு. முதலாவது, வலி எப்படி என்று கேட்டு நாலில் ஒன்றை எழுத வேண்டும்: இல்லை, கொஞ்சம், அதிகம், தாங்கவில்லை. 'அதிகம்' அல்லது 'தாங்கவில்லை' என்று சொன்னால்தான் கூடுதல் ஊசி, இல்லாவிட்டால் கிடையாது. இரண்டாவது, எரியும் தீக்குச்சி ஒன்றை அவர் வாய்க்கு அரையடி தூரத்தில் பிடிக்க வேண்டும். உதட்டைக் குவிக்காமல், வாயை ஆவென்று திறந்து ஊதி அணைக்கிறாரா என்று பார்க்க வேண்டும். நெஞ்சில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று அதில் தெரிந்துவிடுமாம்.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க சிஸ்டர். அவங்க என்ன சொல்றாங்களோ அதைத்தான் எழுதணும். உங்களுக்கு என்ன தோணுதோ அதை எழுதக் கூடாது," என்றார்.

அப்படியே எழுதினேன். காலை பத்து, மதியம் இரண்டு, சாயங்காலம் ஆறு. மருந்துத் தட்டோடு தீப்பெட்டியையும் தூக்கிக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போவேன். வார்டில் அதற்குத் தீக்குச்சிப் பரீட்சை என்று பெயர் வைத்துவிட்டார்கள். "நர்சம்மா கொளுத்த வந்துட்டாங்க, உசாரு!" என்று முதல் கட்டில்காரர் குரல் கொடுத்தால் கடைசிக் கட்டில் வரைக்கும் சிரிப்பு ஓடும். தையல் போட்ட வயிற்றோடு சிரித்துவிட்டு, அப்புறம் ஐயோ என்று பிடித்துக்கொள்வார்கள்.

இரண்டு மாதத்தில் டாக்டரின் முகம் வாடிவிட்டது. காகிதங்களை என் மேசைமேல் பரப்பி வைத்துத் தலையைச் சொறிவார். "ஒரே மருந்து, ஒரே அளவு. ஒருத்தருக்கு வலியே இல்லைங்கிறார். பக்கத்துக் கட்டில்காரர் தாங்கலைங்கிறார். எங்கே தப்பு?" என்று கேட்பார். வயதை வைத்துப் பிரித்துப் பார்த்தார். எடையை வைத்துப் பார்த்தார். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் எவ்வளவு ஆழத்து லெவலுக்கு இறங்கி வேலை செய்தவர், எத்தனை வருஷம் செய்தவர் என்று எல்லாம் போட்டுப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

எனக்கு முதல் வாரத்திலேயே பிடிபட்டிருந்தது.

மைசூர் மைன்ஸ் பக்கம், சுரங்கக் கம்பெனி வரிசையாகக் கட்டிக்கொடுத்த லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருமினாலும் எங்கள் வீட்டுக்குக் கேட்கும். வார்டில் படுத்திருப்பவர்களில் பாதிப் பேரின் குடும்பம் எனக்குத் தெரியும். 'அண்டர்கிரவுண்டுக்கு லாயக்கில்லை' என்று ஒருவரை எழுதி அனுப்பிவிட்டால், அவருக்கு வயது வந்த மகன் இருந்தால் அந்த வேலை மகனுக்குக் கிடைக்க வழி உண்டு. மகன் சின்னவன் என்றால் வேலையும் போயிற்று, லைன் வீட்டையும் காலி பண்ண வேண்டும். அவர்கள் வாழ்க்கையில் பார்த்த காகிதம் எல்லாமே கடைசியில் கம்பெனி ஆபீசுக்குத்தான் போயிருக்கிறது. அப்படியிருக்க இந்தக் காகிதம் மட்டும் எங்கே போகும்?

ஆகவே, மீசை முளைத்த மகன் உள்ளவர்களுக்குத் தாங்க முடியாத வலி. தீக்குச்சி என் விரலைச் சுடும்வரை எரியும், அவர்கள் வாயைத் திறந்து ஹா என்பார்கள், சுடர் ஆடக்கூட ஆடாது. அப்படி ஒருவர் பத்து மணிக்கு என் கட்டைவிரலைப் பொசுக்கிவிட்டு, பத்தே கால் மணிக்குக் கொதிக்கக் கொதிக்க வந்த காபியை ஊதி ஊதிக் குடித்தார். நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைப் பார்த்தார், காபியைப் பார்த்தார். "ஆறிப்போச்சும்மா," என்றார்.

பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் உள்ளவர்கள் இதற்கு நேர்மாறு. கேட்பதற்கு முன்னாலேயே "இல்ல" என்பார்கள். அவர்களுடைய பெண்சாதிகள் பார்க்க வரும்போது முந்தானையில் தீப்பெட்டி கொண்டு வந்து, கட்டிலோரம் நின்று ஒத்திகை பார்த்துவிட்டுப் போவார்கள். நான் குச்சியைக் கொளுத்தியதும் அந்த ஆண்கள் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்து, கழுத்து நரம்பு புடைக்க ஊதி, குச்சியை அணைத்துவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நான் 'வலி இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவேன்.

டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை என்றால், ஒரு காரணம் அது எங்கள் ஆட்களின் விஷயம், வெளியாளிடம் எப்படிச் சொல்வது என்பது. இன்னொன்று சோம்பல். 'இல்லை' என்று எழுதினால் ஊசி இல்லை, ஊசியைக் கொதிக்க வைக்க வேண்டாம், பூட்டைத் திறந்து மருந்தை எடுத்துக் கையெழுத்துப் போட வேண்டாம். கால் கடுக்கிற மதியத்தில் 'இல்லை' என்பது எனக்கு இனிப்பான வார்த்தை. இதை ஒப்புக்கொள்ள இந்த வயது ஆகியிருக்கிறது.

அப்புறம் என் அக்கா வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். வெகுநாள் வயிற்றுப்புண், ரத்த வாந்தியில் முடிந்தது. ஆபரேஷன் செய்தார்கள். கவரில் பெத்தடின் வந்தது. மாமா மாரிகுப்பத்தில் லைன் வீட்டில் இருந்தார். என்னை நர்ஸ் படிக்க வைக்க வேண்டும் என்று எங்கள் அப்பாவிடம் மல்லுக்கு நின்றவர் அவர்தான். மூன்று பிள்ளைகள். மூத்தவனுக்கு ஒன்பது வயது.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் கட்டிலுக்குப் போனேன். "வலி எப்படி இருக்கு மாமா?"

"வலியா? இல்லியே."

மூச்சு தொண்டையோடு நின்றுகொண்டிருந்தது. நெஞ்சு ஏறவே இல்லை. குச்சியைக் கொளுத்தினேன். இரண்டு கையாலும் வயிற்றை அமுக்கிக்கொண்டு ஊதினார். குச்சி அணைந்தது. முகம் சாம்பலாகிவிட்டது. "பாஸா பாப்பா?" என்று கேட்டார். 'இல்லை' என்று எழுதினேன். இரண்டு மணிக்கும் 'இல்லை'. ஆறு மணிக்கும் 'இல்லை'.

அடுத்த நாள் காலையில் உடம்பு சுட்டது. இருமச் சொன்னேன், கனைத்தார். டாக்டர் முதுகில் குழலை வைத்து நெடுநேரம் கேட்டார். "வலது பக்கம் கீழே காற்றே போகலை. வலி இல்லைங்கிறவர் ஏன் இரும மாட்டேங்கிறார்?" என்று என்னிடம் கேட்டுவிட்டு என் பதிலுக்குக் காத்திராமல் நடந்தார். இதே வார்டில் நாலாம் நாள் காய்ச்சலில் போனவர்களை வெள்ளைத் துணி போட்டு மூடியது இந்தக் கைதான். அவர் பின்னாலேயே வராந்தாவுக்கு ஓடினேன்.

"டாக்டர், இந்தக் காகிதம் ஆபீசுக்குப் போகுமா?"

அவருக்குப் புரியவில்லை. "எதுக்குப் போகணும்? இது என் ஆராய்ச்சிக்கு. என் பீரோவுல இருக்கும். சாவி என்கிட்ட."

"நிச்சயமா?"

"என் வார்த்தையை நம்புங்க சிஸ்டர்."

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். மகன்களின் வயது, காபி ஊதியவர், முந்தானைத் தீப்பெட்டி, ஒன்றையும் விடவில்லை. அவர் தூணில் சாய்ந்து நின்று கேட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "எப்போலேர்ந்து தெரியும்?" என்று மட்டும் கேட்டார். முதல் வாரத்திலிருந்து என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நேராக மாமாவிடம் போனேன். அக்கா கட்டிலருகே வெந்நீர் பிளாஸ்கோடு நின்றிருந்தாள்.

"மாமா, இந்தக் காகிதம் ஆபீசுக்குப் போவாது. டாக்டரு சொல்லிட்டாரு. அவரு பீரோவுலதான் இருக்கும். பயப்படாம சொல்லுங்க, வலிக்குதா?"

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

"நீ சும்மா இரு அக்கா," என்று அவளிடம் எரிந்து விழுந்தேன். "நெஞ்சுல சளி கட்டிச்சினா அப்பால யாரு அழுவறது? நீங்க சொல்லுங்க மாமா. என்மேல நம்பிக்கை இல்லியா?"

"உன்ன நம்பாம யார நம்பறது பாப்பா," என்றார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "கத்தி வச்சி கீறுறாப்ல கீதும்மா. மூச்சு வுட முடியல. பொய் சொல்லிட்டேன்." அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அடைத்து வைத்திருந்தது திறந்துகொண்டுவிட்டது. "ஆறு மாசமாவே இப்பிடித்தான். கேஜ்லேர்ந்து எறங்கி வேல எடத்துக்குப் போறதுக்குள்ள ரெண்டு தபா ஒக்காந்துட்டுப் போறேன். கூட வேல செய்றவங்கதான் மறைச்சி வுடறாங்க."

டாக்டரும் என்கூடவே வந்து, எனக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் காகிதத்தில் நோயாளியின் பழைய நெஞ்சுத் தொந்தரவு எழுத ஓர் இடம் உண்டு. அவர் ஒழுங்கான மனிதர். கேட்டதை அங்கே அப்படியே எழுதிக்கொண்டார். எழுதும்போது நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

உடனே மாமாவை உட்கார வைத்து, விலா எலும்புகளுக்கு நடுவே ஒவ்வொன்றாக மருந்தைப் போட்டார். ஒரு மணி நேரத்தில் நெஞ்சு ஏறி இறங்க ஆரம்பித்தது. தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்து, "இப்ப இருமுங்க மாமா," என்றேன். இருமினார். கரி கலந்தது மாதிரி சளி கிண்ணத்தில் வந்து விழுந்தது. நாலைந்து தடவை இருமிவிட்டு, நிஜமாகவே முழு மூச்சு ஒன்று இழுத்தார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் சந்தோஷமாக இருந்தேன். இவ்வளவு வருஷ உத்தியோகத்தில் இன்றைக்குத்தான் ஒரு காரியம் உருப்படியாகச் செய்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று நாளில் காய்ச்சல் இறங்கியது. டாக்டர் தன் காகிதங்களை எல்லாம் ஒன்றாக அடுக்கிக் கட்டினார். பொய்யும் மெய்யும் கலந்த கணக்கை வைத்து எதையும் சொல்ல முடியாது என்று ஆராய்ச்சியை நிறுத்திவிட்டார். "ஆராய்ச்சி செத்துப்போச்சு, நோயாளி பிழைச்சுட்டார். பரவாயில்லை சிஸ்டர்," என்று சிரித்தார். அந்தக் காகிதக் கட்டைத் தன் பீரோவில் வைத்துப் பூட்டினார். வருஷக் கடைசியில் மெட்ராசில் அவருக்கு வேறு வேலை கிடைத்தது. போகும்போது பீரோ சாவியை ஆஸ்பத்திரியிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். அந்தக் காகிதங்களை என்ன செய்வது என்று அவரும் யோசிக்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

பீரோவைத் திறந்தவர் ரெக்கார்டு ரூம் குமாஸ்தா. ரிடையராக ஒரு வருஷம் பாக்கி இருந்த, கை சுத்தமான மனிதர். அனாதையாகக் கிடந்த காகிதங்களைப் பார்த்து அவருக்குப் பொறுக்கவில்லை. காகிதத்தில் இருந்த தொழிலாளியின் டோக்கன் நம்பரைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொன்றையும் அந்தந்த ஆளின் பைலில் நூல் போட்டுக் கோத்துவிட்டார். அவர் யாரையும் கெடுக்க நினைக்கவில்லை. அவரே ஒரு நாள் என்னிடம், "உங்க வார்டு பேப்பர்லாம் செதறிக் கெடந்திச்சிம்மா, எல்லாத்தியும் சேத்துட்டேன்," என்று பெருமையாகச் சொன்னார். பைலைக் காட்டுங்கள் என்று கேட்டேன். பைல்கள் தொழிலாளர்களின் வருஷப் பரிசோதனைக்காகக் கம்பெனி ஆபீசுக்குப் போயிருந்தன.

மாமாவைக் கூப்பிட்டனுப்பினார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். 'கேஜிலிருந்து இறங்கி இரண்டு முறை உட்கார்கிறார்' என்று டாக்டரின் அழகான கையெழுத்தில் இருந்ததை அவருக்குப் படித்துக் காட்டினார்களாம். இது நீ சொன்னதுதானா என்று கேட்டார்களாம். ஆமாம் என்றாராம். லாயக்கில்லை என்று எழுதிவிட்டார்கள். மகன் சின்னவன். வீட்டைக் காலி பண்ணத் தவணை கொடுத்தார்கள்.

நான் யார் யாரிடமோ போய்க் கெஞ்சினேன். அந்தக் காகிதம் ஆராய்ச்சிக்காக எழுதியது, அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்றேன். "அதுல எழுதியிருக்கிறது பொய்யாம்மா?" என்று கேட்டார்கள். பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு அந்த ஒரு பொய்யைச் சொல்லியிருக்க வேண்டும் என்று பல தடவை நினைத்திருக்கிறேன்.

அக்கா என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். சண்டை போடவில்லை. ஒரு வாரம் தினமும் டூட்டி முடிந்து போய் அவள் வீட்டு வாசலில் நின்றேன். அவள் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டே இருந்தாள். கடைசி நாள் மட்டும், முகத்தைப் பார்க்காமல், "நான் வேணான்னு தலைய ஆட்டினேன் இல்ல?" என்றாள்.

குடியாத்தம் பக்கம் மாமாவின் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். அங்கே போவதாக ஏற்பாடு. பங்காருப்பேட்டைக்குப் போகும் காலை வண்டிக்கு மாரிகுப்பம் ஸ்டேஷனில் சாக்குகளோடு உட்கார்ந்திருந்தார்கள். அக்கா பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். மாமா மட்டும் கீழே நின்றார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போனேன். அவர் காலடியில் கிடந்த கடைசிச் சாக்கைத் தூக்கி வண்டியில் வைத்தேன்.

அவர்தான் பேசினார். குரலில் கோபம் இல்லை. "அன்னிக்கி நீ கேக்காம இருந்திருந்தா செத்திருப்பேன் பாப்பா. அது எனக்குத் தெரியும். உன்னாலதான் உசுரோட கீறேன்." நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டார். வண்டியைத் திரும்பிப் பார்த்தார். "இந்த உசுர வச்சிக்கினு இன்னா செய்யறதுன்னு அதையும் நீயே சொல்லிடேன்."

கேலியாகக் கேட்கவில்லை. நர்சிடம் கேட்பது போலத்தான் கேட்டார், எத்தனை வேளை மருந்து, எப்போது தையல் பிரிப்பார்கள் என்பது போல. அவர் வண்டி ஊதும்வரை என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, போம்மா, டூட்டிக்கு நேரமாச்சு," என்று சொல்லி ஏறிக்கொண்டார்.

அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தேன். வலிக்கிறதா என்று கேட்பது நர்சின் வேலை, எல்லோரிடமும் கேட்டேன். எத்தனையோ பேர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறார்கள். பயப்படாமல் சொல்லுங்கள் என்று மட்டும் நான் ஒருவரிடமும் சொல்லவில்லை.